நிற்கிற அம்புலன்ஸைக் கடப்பது

1

இன்று காலை ஒருவன் எனக்கு ஹோர்ன் அடித்தான். சும்மா அடிக்கவில்லை, கையை எடுக்காமல் வீதி முழுக்கக் கேட்க அடித்தான். பாரிஸுக்கு வடக்கே நான் வேலைக்குப் போகிற பெருந்தெருவில், வலது ஓரமாக ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி நீல விளக்கு மின்ன நின்றது. அதற்கு முன்னால் மூக்கு நசுங்கிய ஒரு சின்னக் கார். நான் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, இடது பக்கப் பாதைக்கு மாறி, வேகத்தைக் குறைத்து மெல்லப் போனேன். பின்னால் வந்த வெள்ளை வான்காரனுக்கு அது பொறுக்கவில்லை. அடி ராசா, நல்லா அடி என்று விட்டுவிட்டேன்.

என் காரின் பின்பக்கத்தில் சிவப்பில் 'A' என்ற எழுத்து ஒட்டியிருக்கிறது. புதிதாக ஓடுகிறவர்கள் மூன்று வருடத்துக்கு அதை ஒட்டவேண்டும் என்பது இங்கே சட்டம். அதைப் பார்த்துவிட்டு, ஓடத் தெரியாத கிழவி ஒன்று தெருவுக்கு வந்துவிட்டது என்று அவன் நினைத்திருப்பான். தெரியாமல் மெல்லப் போகவில்லையடா மகனே. படித்து, பெயிலாகி, அழுது, திரும்பப் படித்துத்தான் மெல்லப் போகிறேன்.

எனக்கு பெர்மி கிடைத்து இன்றோடு ஒரு வருடம். பெர்மி என்றால் சாரதிப் பத்திரம், ஊரில் நாங்கள் லைசென்ஸ் என்கிறது. பிறந்தநாளைக்கே கேக் வெட்டாத நான், வேலை முடிந்து மத்தியானம் மெட்ரோ பிடித்து எங்கள் தமிழ்க்கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்குப் போய், ரூ காய் தெருவில் ஒரு பெட்டி லட்டு வாங்கினேன். அந்தப் பக்கம் காரைக் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடியே பொழுதுபட்டுவிடும்.

"என்னக்கா, வீட்டிலை விசேஷமே?" என்று கடைக்காரத் தம்பி கேட்டான்.

"ஓம் தம்பி. எனக்கு பெர்மி கிடைச்சு ஒரு வருசம்."

"அப்ப அரிவரி பாஸ் பண்ணிப்போட்டியள். இனி முதலாம் வகுப்போ?"

புதிதாக ஓடுகிறவர்களின் அந்த 'A' அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு ஒரு லட்டு கூடப் போட்டான். அதனால் மன்னித்துவிட்டேன்.

2

நான் இரண்டாயிரத்து ஒன்பதில் வந்தவள். இவர் நாலு வருடம் முந்தி வந்து, விசாவும் வீடும் எடுத்து என்னையும் மகளையும் கூப்பிட்டார். மகள் ஆரணிக்கு அப்போது மூன்று வயது. இவருக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. எனக்கு, பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியே வீட்டிலிருந்து விடிவதற்கு முன் புறப்பட்டுப் போய், பெரிய கம்பனிக் கந்தோர்களின் நிலம் துடைக்கிற வேலை. பத்து வருடத்துக்கு மேல் துடைத்தேன். கடைசியில் முழங்கால் இரண்டும், "அம்மா தாயே, எங்களை விட்டுவிடு" என்று கும்பிட்டன. மருத்துவரும் அதையேதான் பிரெஞ்சில் சொன்னார்.

பிறகு ஒரு படிப்புப் படித்து, வயது போனவர்களை அவர்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலைக்கு வந்தேன். குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, மருந்து நினைவுபடுத்துவது. எனக்கு அந்த வேலை பிடித்தது. தொண்ணூறு வயது மனிசி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலால் இறங்கும்போது, இந்த நாட்டில் நானும் ஆருக்கோ தேவை என்று தோன்றும்.

ஆனால் நான் பார்த்தது தற்காலிக வேலை. ஒருநாள் எங்கள் பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"ரஞ்சி, உங்களை நிரந்தரமாக்க எனக்கு விருப்பம். ஆனால் இடம் இருப்பது பஸ் போகாத சின்ன ஊர்களில். கார் ஓடவேண்டும். அடுத்த ஜூன் முடிவுக்குள் பெர்மி இருந்தால் அந்த இடம் உங்களுக்கு. இல்லாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுக்கவேண்டி வரும்."

இல்லாவிட்டால் எனக்கு என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பவும் வாளியும் தும்புத்தடியும், அந்த இரண்டு முழங்காலும். நாற்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காத நான், ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து வாசற்படியில் குந்தியிருந்தேன்.

3

இங்கே முதலில் எழுத்துப் பரீட்சை. கேள்வி எல்லாம் பிரெஞ்சில். எனக்குக் கடைப் பிரெஞ்சு தெரியும், கந்தோர்ப் பிரெஞ்சு தெரியும், வயது போனவர்களோடு கதைக்கிற மெத்தென்ற பிரெஞ்சும் தெரியும். வீதிச் சட்டத்தின் பிரெஞ்சு வேறு சாதி. ஒரு கேள்வியை மூன்று தரம் வாசித்தாலும், நான் போகலாமா நிற்கவேண்டுமா என்பதே விளங்காது.

ஆரணிதான் குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். நான் ஒரு கேள்வி பிழைவிட்டால், பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே பாதி படித்தேன்.

அப்படிப் படித்தபோதுதான் அந்தச் சட்டம் வந்தது. வீதி ஓரத்தில் அம்புலன்ஸோ, தீயணைப்பு வண்டியோ, பொலிசோ, பழுதான வாகனம் இழுக்கிற வண்டியோ விளக்கு மின்ன நின்றால், கடந்து போகிறவர் வேகத்தைக் குறைக்கவேண்டும். பக்கத்துப் பாதை வெறுமையாக இருந்தால் அதற்கு மாறவேண்டும். மாற முடியாவிட்டால், தன் பாதைக்குள்ளேயே எவ்வளவு தள்ளிப் போகலாமோ அவ்வளவு தள்ளிப் போகவேண்டும். பாதுகாப்பு இடைவழி என்று அதற்குப் பெயர். இரண்டாயிரத்துப் பதினெட்டில் வந்த சட்டம். ஓரத்தில் நின்று வேலை செய்கிறவர்களைக் கடந்து போகிறவர்கள் அடித்துவிடுகிறார்கள் என்பதால் கொண்டுவந்தார்களாம்.

"வேகம் குறைக்கவேணுமா?" என்று ஆரணி பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம்."

"விலகிப் போகவேணுமா?"

"ஓம்."

"நிக்கவேணுமா?"

"இல்லை."

பெருமூச்சு இல்லை. எழுத்துப் பரீட்சையில் முதல் தரமே பாஸ். எனக்குத் தலைகால் தெரியவில்லை. இவரிடம் சொன்னேன், "பாத்தியளே, மண்டைக்குள்ளை இன்னும் சரக்கு கிடக்கு." இவர், "மண்டை காரை ஓடாது, கையும் காலும்தான் ஓடும்" என்றார். சில நேரம் இந்த மனிசன் வாய் பொன்வாய்தான்.

4

ஓட்டப் பரீட்சை டிசம்பர் மாதம், பின்னேரம் மூன்றரைக்கு. மழை. வானம் இருண்டு எல்லாரும் விளக்குப் போட்டுத்தான் ஓடினார்கள். எனக்குப் பக்கத்தில் பரீட்சை பார்க்கிறவர், ஒரு மெலிந்த மனிசன். இங்கே அவர்களை இன்ஸ்பெக்டர் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் பொலிசுக்குத்தான். பின்சீட்டில் எனக்குப் பழக்கிய நாதியா. ஒபர்வில்லியேயில் கார் பழக்குகிற பள்ளியில் வேலை செய்கிறவள், அல்ஜீரியாக்காரி, என் வயதுதான் இருக்கும். பரீட்சை நேரத்தில் அவள் வாய் திறக்கக்கூடாது.

"மதாம் பாக்கியநாதன், புறப்படுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாக்கியநாதன் என் அப்பாவின் பெயர். இந்த நாட்டுக் கடதாசிகளில் அப்பா பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். விசா கொடுக்கிற பிரிபெக்சரிலும் வங்கியிலும் ஆசுப்பத்திரியிலும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எண்பத்திரண்டு வயதில் கோண்டாவிலில் தம்பி வீட்டில் இருக்கிற மனிசனுக்கு, பாரிஸில் தன்னை நாளுக்கு இத்தனை தரம் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

இருபது நிமிடம் வடிவாக ஓடினேன். ஒரு திருப்பம் திரும்பியதும், மழைக்குள்ளே நீல விளக்கு. வலது ஓரத்தில் ஒரு அம்புலன்ஸ், அதற்குப் பின்னால் பொலிஸ் கார். தலைக்கவசம் கழற்றிய ஒரு பெடியனை இருத்திவைத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர் தெருவில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை. நடுத்தெருவில் காரை நிறுத்தினேன். முன் விளக்குகளை நூர்த்து இருட்டாக்கினேன். தலைக்கு மேலே கையை விட்டு உள்விளக்கைப் போட்டேன். பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். இரண்டு கையையும் வெளியே தெரிகிறபடி ஸ்டியரிங்குக்கு மேலே வைத்தேன்.

மழை உள்ளே அடித்தது. பொலிஸ்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, போ போ என்று கை காட்டினார். நான் போகவில்லை. கதவுப் பையில் வைத்திருந்த என் வதிவிட அட்டையை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே நீட்டினேன். பின்னால் நாலைந்து வாகனம் ஹோர்ன் அடித்தது. பொலிஸ்காரர் கிட்ட வந்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"மதாம், நாங்கள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்.

பெயில். காரணமில்லாமல் நடுத்தெருவில் நிறுத்துவது, விளக்கை நூர்ப்பது, எல்லாம் மன்னிக்க முடியாத பிழைகள். வீட்டில் சொன்னபோது ஆரணி கையிலிருந்த கரண்டியைப் பீங்கானில் போட்டாள். "அம்மா, இஞ்சை சண்டை நடக்கேல்லை!" என்று பிரெஞ்சில் கத்தினாள். நான் எழும்பிப் போய்க் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு அழுகை வந்தது.

5

அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஏ-ஃபோர்ட்டி. ஆமி வந்து சந்திக்குச் சந்தி சோதனைத் தடை போட்டிருந்த காலம். எனக்குப் பத்தொன்பது வயது. அம்புலன்ஸ் வரும் என்று ஆரும் காத்திருக்கிற காலம் இல்லை அது. வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிறதென்றால் எங்கள் கார்தான். முன்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அப்பா புறப்படுவார். பெண்களை ஏற்றினால் துணைக்கு நானும் முன்சீட்டில் ஏறுவேன்.

பொழுதுபட்டபிறகு தடைக்குக் கிட்டப் போகிறபோது ஒரு முறை உண்டு. அந்த நாள் ஓடியவர்களுக்கெல்லாம் தெரியும். பெரிய விளக்கை நூர்க்கவேண்டும், ஆமிக்காரன் கண்ணில் அடிக்கக்கூடாது. உள்விளக்கைப் போடவேண்டும், உள்ளே இருக்கிற முகங்கள் தெரியவேண்டும். எங்கள் கை மேலே இருக்கவேண்டும். அவன் கை தூக்கினால் நிற்கவேண்டும். நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். உள்விளக்கைப் போடுகிறது என் வேலை. அப்பா, "பிள்ளை" என்பார். அவ்வளவுதான், என் கை மேலே போய்விடும்.

ஒருநாள், நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டுச் சின்னமணி அக்காவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பின்சீட்டில் அவவும் அவவின் தாயும். தடை தெரிந்தது. அப்பா, "பிள்ளை" என்றார். சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. பல்ப் போய்விட்டது. தடையில் நின்றவன் கையைத் தூக்கிவிட்டான்.

"ரோச்சை எடு, ரோச்சை எடு. என்ரை முகத்துக்கு அடி" என்றார் அப்பா.

நான் ரோச் விளக்கை எடுத்து அப்பாவின் முகத்துக்குப் பிடித்தேன். வேர்வை ஓடுகிற முகம். கண் கூசி மூடியிருந்தது. பிறகு என் முகத்துக்கு, பிறகு பின்னால் திருப்பிச் சின்னமணி அக்காவின் வயிற்றுக்கு. இருபது நிமிடம் நின்றோம். அவ முனகிக்கொண்டே இருந்தா. கடைசியில் மீசை முளைக்காத ஒரு ஆமிக்காரப் பெடியன் ஓடிப்போய்த் தடியைத் தூக்கி வழி விட்டான். அவனுக்கும் புண்ணியம் கிடைக்கட்டும். பிள்ளை ஆசுப்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. இப்போது கனடாவில் லொறி ஓடுகிறானாம்.

மண்டை பாஸ் பண்ணியது. கைக்கு அந்தப் படிப்பு இன்னும் மறக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

6

பெயிலான அடுத்த வாரம் நாதியா என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பூங்காவுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினாள்.

"மதாம், அந்த உள்விளக்கு. ஏன் போட்டீர்கள்?"

அப்பாவின் காரைப் பற்றிச் சொன்னேன். என் பிரெஞ்சு எனக்கே பிடிக்காத இடங்கள் நிறைய வந்தன. 'தடை' என்று சொல்ல ஒரு சொல்லைத் தேடித் தடுமாறியபோது அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"கோபிக்காதீர்கள். எங்கள் ஊரிலும் அதேதான். தொண்ணூறுகளில் என் அப்பாவின் காரில் நானும் அந்த விளக்கைப் போட்டிருக்கிறேன். இப்போதும் ஊருக்குப் போனால் தடையைக் கண்டதும் எல்லாரும் போடுவார்கள். இங்கே வந்த முதல் வருடம் நானும் போட்டேன். எனக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் இருக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம்."

எனக்கு அப்படியே அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. சீட் பெல்ட் விடவில்லை.

"கையைத் திட்டாதீர்கள். அதற்கு ஒரு வேலை வேண்டும், வேறு வேலை கொடுங்கள்" என்றாள். நீல விளக்கைக் கண்டதும் கை மேலே போகக்கூடாது, சிக்னல் தடிக்குப் போகவேண்டும். கண்ணாடி, சிக்னல், மெல்ல, விலகு. வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன், அவள் அதையே தமிழில் திருப்பிச் சொல்லப் பழகிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. போனில் எந்த வீதியில் விபத்து, எங்கே வாகனம் பழுது என்று பார்த்து மற்றவர்கள் வேறு வழியால் போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் தேடிப் போனோம். "மதாம், வடக்குப் பக்கம் ஒரு லொறிக்கு ரயர் வெடித்திருக்கிறது, கெதியாக!" என்று நாதியா சத்தம் போடுவாள். மற்றவன் கஷ்டத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று எனக்கு ஒருமாதிரித்தான் இருந்தது. கடந்து போகும்போது, முருகா, இந்த லொறிக்காரனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். பத்துத் தரம் கடந்திருப்போம். ஏழு தரம் கை சிக்னலுக்குப் போனது. மூன்று தரம் மேலே போனது.

பத்துக்கு ஏழு. பரீட்சைக்கு அது காணாது.

7

பரீட்சைக்கு இன்னொரு திகதி கிடைப்பது குதிரைக்கொம்பு. காத்திருந்து காத்திருந்து மே மாதம் ஒரு நாள் கொடுத்தார்கள். அதில் தவறினால் ஜூனுக்குள் இன்னொன்று கிடைக்காது. அந்த இடம் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் குசினிக் கதிரையில் இருந்து, தாச்சி மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி, சிக்னல், மெல்ல, விலகு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளால் வந்த ஆரணி வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் போய் யன்னல் சேலையை இழுத்துவிட்டு, போனில் எதையோ தட்டினாள். திரை நீலமாக மின்னத் தொடங்கியது. அதைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அம்புலன்ஸ். வாங்கோ" என்றாள். தமிழில்.

கை மேலே போனது. "இல்லை, அம்மா. திரும்ப." இன்னொரு தரம். திரும்பவும் இன்னொரு தரம். எத்தனை தரம் அந்தக் குளிர்பெட்டியைக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒருதரம் அவள் போனைக் கீழே இறக்கினாள்.

"அம்மப்பாவின்ரை காரைப் பற்றி அப்பா சொன்னவர். அதிலை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"முன்னுக்கு. அவருக்குப் பக்கத்திலை."

"உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

பதினாலு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது, ஊரைப் பற்றி. நான் மூடியை மடியில் வைத்துவிட்டு ரோச்சின் கதையைச் சொன்னேன். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். கேட்டு முடிய அவளுடைய கண் கலங்கியிருந்தது. "கரண்டியைப் போட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். இவர் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது குசினி இருட்டாக இருந்தது, குளிர்பெட்டி நீலமாக மின்னியது, நான் மூடியோடு அழுதுகொண்டிருந்தேன்.

"என்ன, தாய்க்கும் மகளுக்கும் விசர் பிடிச்சிட்டுதே?" என்றார்.

8

இரண்டாம் தரம் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நரைத்த தலை, ஓய்வு பெறுகிற வயது. "மதாம் பாக்கியநாதன்" என்று, பிழையில்லாமல் சொல்லவேண்டும் என்று மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தார். பின்னால் நாதியா. நல்ல வெயில். இன்றைக்கு ஒரு நீல விளக்கும் வரக்கூடாது என்று வீட்டில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்திருந்தேன்.

கற்பூரம் வேலை செய்யவில்லை. பரீட்சை முடியப் பத்து நிமிடம் இருக்க, அகலமான ஒரு தெருவில், வலது ஓரத்தில் அம்புலன்ஸ். பின் கதவு திறந்து கிடந்தது. இரண்டு பேர் தள்ளுகட்டிலில் ஒரு வயது போன மனிசியைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நான் குளிக்க வார்க்கிற மனிசிகள் மாதிரி ஒரு மனிசி.

என் வலது கை ஸ்டியரிங்கை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. எனக்குத் தெரிந்தது. "கண்ணாடி" என்று சத்தமாகத் தமிழில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். கை திரும்ப வந்து இருந்தது. இடது கை சிக்னலைப் போட்டது. இடது பாதை வெறுமை. மெல்ல. விலகு. சரியாகப் போகிறது, ரஞ்சி, சரியாகப் போகிறது.

அப்போது தள்ளுகட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

இதை நாதியாவும் சொல்லித் தரவில்லை, ஆரணியும் சொல்லித் தரவில்லை. சீருடை போட்டவன் தெருவோரத்தில் நின்று கை தூக்கினால் நிற்கவேண்டும். என் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. கார் தயங்கியது. பின்னால் நாதியா மூச்சை இழுத்தது கேட்டது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். விரித்த கை. அதில் ஒன்றும் இல்லை. அது என்னை நிறுத்தவில்லை. ஒருதரம் ஆடிவிட்டுக் கீழே போனது, அந்தப் பெடியன் சிரித்தான், திரும்பி அந்த மனிசியின் போர்வையைச் சரிசெய்தான்.

மெல்லப் போனதற்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கிறான்.

என் காலை எடுத்தேன். கார் போனது. ஸ்டியரிங்கில் இருந்தபடியே இரண்டு விரலைத் தூக்கி நானும் காட்டினேன். அவன் கண்டிருக்கமாட்டான். இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதினார். என் கண்ணில் தண்ணீர் நிறைந்து தெரு மங்கிவிட்டது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் அதற்கும் புள்ளி வெட்டுவாரோ என்ற பயத்தில் சிமிட்டிச் சிமிட்டியே ஓடி முடித்தேன்.

9

முடிவை இங்கே அன்றே சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து இணையத்தில் வரும். அந்த இரண்டு நாளும் நான் உப்புப் போட மறந்த சாம்பாரை இவர் அப்படியே சாப்பிட்டு முடித்தார். மூன்றாம் நாள் காலை ஆரணிதான் போனைத் திறந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, பாஸ்."

"வடிவாப் பார்."

"பாஸ் அம்மா! இஞ்சை பாருங்கோ, பிரேக்குக்கு ஒரு புள்ளி வெட்டியிருக்கு." பிறகு அவள் குரல் மாறியது. "கீழை ஒரு மேலதிகப் புள்ளியும் தந்திருக்கினம்."

"என்னத்துக்கு?"

அவள் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினாள். அந்தத் தாளில், வீதியில் மற்றவர்களோடு மரியாதையாக நடந்தவர்களுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் எனக்கு ஒன்று போட்டிருந்தது. அந்த நரைத்த தலைக்காரி என் இரண்டு விரலைக் கண்டிருக்கிறா.

அந்த ஜூன் மாதம் நான் நிரந்தரமானேன். என் முழங்கால்கள் இப்போதும் நோகும், ஆனால் வாளிக்குப் பக்கத்தில் இல்லை. இந்த நாட்டில் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பிரிபெக்சர் வாசலில் குளிரில் நின்ற நாட்களும் உண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிய நாட்களும் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் வளர்ந்த வீதியில் வருத்தக்காரரை ஏற்றிய வண்டி, தடையில் நிற்கிறவனுக்காக மெல்லப் போனது. இங்கே உலகம் முழுக்க வருத்தக்காரருக்காக மெல்லப் போகிறது. அப்படி ஒரு சட்டம் எழுதியவர்கள் நல்லாயிருக்கட்டும்.

இன்று பின்னேரம் மூன்றரைக்கு வட்ஸ்அப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். கோண்டாவிலில் ஏழு மணி. ஆரணியும் லட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். போன வருடம் பாஸ் என்று மட்டும்தான் அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். பெயிலான கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை நீட்டியது வரைக்கும். அப்பா சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார்.

"அப்ப உங்கை தெருவிலை அவங்கள் நிண்டா, உள்லைற் போடத் தேவையில்லையே?"

"தேவையில்லை அப்பா. மெல்ல விலகிப் போனாக் காணும்."

"அப்ப நீ ஆரெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியத் தேவையில்லையாம் அப்பா."

அவர் கதிரையைப் போனுக்குக் கிட்ட இழுத்தார்.

"அவங்களும் கையைத் தூக்கிறவங்கள்" என்றேன். "நன்றி எண்டு."

"ம்" என்றார். பிறகு, "லைசென்ஸை ஒருக்காக் காட்டு பாப்பம்."

அட்டையைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக வாசித்தார். முதல் வரியில் அவருடைய பெயர்தான் இருந்தது.

"என்ரை பேரெல்லே கிடக்கு" என்றார்.

அவருடைய குரல் மட்டும்தான் வந்தது. அதற்குள் அங்கே பொழுதுபட்டு அறை இருண்டுவிட்டது. திரையில் முகம் தெரியவில்லை, ஒரு கறுப்பு நிழல்தான் தெரிந்தது. ஆரணி என் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மப்பா, லைற்றைப் போடுங்கோ. உங்கடை முகத்தைப் பாக்கவேணும்."

அப்பா மெல்ல எழும்பிப் போய் லைற்றைப் போட்டார்.